எழுப்ப வேண்டியவன்

மூங்கில்துறைப்பட்டு,
17-7-1988

அன்பு மகன் தனசேகரனுக்கு,

அம்மா பெரியநாயகி எழுதுவது. நாங்கள் இருவரும், மாடு கன்றுகளும் சுகம். உன் சுகத்தை நீ எழுதிய நாலு வரிக்குள் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. விடுதி இட்லி கல் மாதிரி இருக்கிறது, குளிக்க வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது, மூன்றாம் வருடத்துப் பையன்கள் தீக்குச்சியால் வராந்தாவை அளக்கச் சொன்னார்கள் என்று மட்டும் இருந்தது. எத்தனை குச்சி வந்தது என்று உங்கப்பா கேட்கிறார். அவருக்கு ஒரே சிரிப்பு. எனக்கு வரவில்லை. வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்காத பிள்ளையை மண்டியிட்டு அளக்க வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் சொல்கிறேன், அவர்களிடம் முறைத்துக்கொள்ளாதே. முதல் வருடம் எல்லோருக்கும் அப்படித்தான் என்று உன் திருநாவலூர் மாமாவும் சொல்கிறார். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும். அவர்கள் கேட்டதைக் கொடுத்து, சொன்னதைச் செய்து, இந்த ஒரு வருடத்தை ஓட்டிவிடு. அடுத்த வருடம் நீயும் பெரியவன்தான்.

அறையில் உன்னோடு கல்வராயன் மலைப் பையன் ஒருவன் இருக்கிறான், பெயர் வேடியப்பன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டியதிலிருந்து உங்கப்பா சாமியாடுகிறார். 'இவ்ளோ தூரம் படிக்க அனுப்பி, கடைசியில மலைக்காரன் கூடவா படுக்கப் போட்டாங்க' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. வருடா வருடம் நம் கொல்லையில் கரும்பு வெட்ட வருகிற சனம் அது. நானே அவர்களுக்குத் தனிக் குவளையில்தான் மோர் ஊற்றுகிறேன். பேச்சு வைத்துக்கொள், பழக்கம் வேண்டாம். பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொள். மாமா வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் ஜாக்கிரதை.

எள்ளுருண்டை அனுப்புகிறேன். எல்லோருக்கும் வாரிக் கொடுத்துவிட்டு நிற்காதே. படிப்பில் கவனமாக இரு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா


மூங்கில்துறைப்பட்டு,
25-9-1988

அன்பு மகன் தனசேகரனுக்கு,

அம்மா எழுதுவது. காமாலை முழுக்க இறங்கிவிட்டதா? கண்ணாடியில் கண்ணைப் பார்த்து எழுது. எண்ணெய்ப் பலகாரம் பக்கம் போகாதே. உங்கப்பா கொண்டுவந்த கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்தாயா, மூலையில் போட்டாயா? உன்னை நம்ப முடியாது.

உங்கப்பா உன்னைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே கதைதான். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறார். போனதும் உன் மணிக்கட்டைப் பார்த்தாராம், வெறுங்கையாக இருந்ததாம். கடிகாரம் எங்கே என்று கேட்டதற்கு நீ முதலில் முழித்தாயாம், பிறகு காணோம் என்றாயாம். அவருக்கு அதற்கு மேல் விசாரணை எதற்கு? அறையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாதா? நேரே வார்டன் அறைக்குப் போய் அந்தப் பையனைக் கூப்பிடச் சொல்லி, இவன்தான் எடுத்திருப்பான் என்று சொன்னாராம். சொல்லி வாய் மூடவில்லையாம், அந்தப் பையன் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்துவிட்டானாம். வார்டன் மூன்று முறை கேட்டும் தலையைத் தூக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லையாம். அப்படியே கிடந்தானாம். கடைசியில் காவலாளி தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திக் காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்களாம். அன்று சாயங்காலமே விடுதியை விட்டு நீக்கிவிட்டார்களாமே.

எடுக்காதவன் ஏன் விழப்போகிறான் என்று உங்கப்பா கேட்கிறார். நானும் அதைத்தான் கேட்கிறேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. போன மாதம் நீ எழுதிய கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். காமாலையில் நீ எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது சமையல்கட்டில் கெஞ்சிக் கேட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தவன் அவன், நீ வாந்தியெடுத்த போர்வையைத் துவைத்துப் போட்டவன் அவன் என்று எழுதியிருக்கிறாய். அப்படிப்பட்டவனா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அப்புறம், கிட்டே வந்து பணிவிடை செய்ததே அதற்குத்தானோ என்றும் தோன்றியது. மனசுக்கு எந்தப் பக்கம் சாய்ந்தால் சவுகரியமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

நீ அங்கே என்ன பேசினாய் என்று உங்கப்பாவைக் கேட்டேன். நீ வார்டன் அறை வாசற்படியில் நின்றாய், ஒன்றுமே பேசவில்லை என்றார். 'எம்புள்ள வாயில்லாத பூச்சி, யாரையும் காட்டிக் குடுக்கமாட்டான்' என்று பெருமையாகவும் சொல்லிக்கொண்டார். போனது போகட்டும். மாமாவிடம் கடிகாரம் பற்றி இப்போதைக்குச் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் நலமே கேட்கும்,
அம்மா


மூங்கில்துறைப்பட்டு,
20-11-1988

அன்பு மகன் தனசேகரனுக்கு,

அம்மா எழுதுவது. தீபாவளிக்கு வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாய். வீடு மறுபடி வெறிச்சென்று இருக்கிறது. நீ போன மறுநாளே மழை பிடித்துக்கொண்டது, ஆற்றோரக் கொல்லையில் கரும்பு சாய்ந்துவிட்டது. உங்கப்பா ஆள் வைத்துத் தூக்கிக் கட்டுகிறார்.

கடிகாரம் திரும்பக் கிடைத்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பையன் போகும்போது காவலாளி கையில் கொடுத்துவிட்டுப் போனான் என்று நீ சொன்னதை, தான் போட்ட போடில்தான் வந்தது என்று பஸ் நிறுத்தம் வரை சொல்லி வைத்திருக்கிறார்.

கடிகாரப் பட்டையில் முனைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு துளை போட்டிருந்தது. பட்டையும் அந்த இடத்தில்தான் மடிந்து தேய்ந்திருந்தது. உன் கைக்கு இரண்டாம் துளையே போதும். அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், வேலையில் மறந்துவிட்டது.

இப்போது அறையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு யாருமில்லை என்று சொல்லிவிட்டு, இலையில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனாய். மூன்று நாளும் என் முகத்தைப் பார்த்து நீ பேசவில்லை. காமாலை கண்ட உடம்பு, களைப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நன்றாகச் சாப்பிடு.

அம்மா


மூங்கில்துறைப்பட்டு,
5-3-1989

தனசேகரனுக்கு,

உன் அம்மா எழுதுவது. நலம் கேட்கும் வரியை இந்தத் தடவை விட்டுவிட்டேன். நீ நலமாகத்தான் இருப்பாய். உனக்கு ஒன்றும் ஆகவில்லையே.

மாசி பிறந்ததும் ஆற்றோரக் கொல்லைக் கரும்பை வெட்டச் சொல்லி ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்தது. வழக்கம் போல மலையிலிருந்து மேஸ்திரி சின்னக்கண்ணு ஆள் கூட்டிக்கொண்டு வந்தார். கிணற்றுப் பக்கம் காய்ந்த கரும்புச் சோகையால் குடிசை போட்டுக்கொண்டு பதினாறு பேர் இறங்கினார்கள். அதில் இருசம்மாள் என்று ஒருத்தி ஆறு வருடமாக வருகிறாள். நீ கூடப் பார்த்திருப்பாய், உயரமாக, வெற்றிலை போட்டுக்கொண்டு, யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். இந்த வருடம் மகனையும் கூட்டி வந்திருந்தாள். புதுசாகக் கத்தி பிடிக்கிறவன் என்று பார்த்தாலே தெரிந்தது. மூன்றாம் நாளே இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்து உடைந்துவிட்டது. கட்டிக்கொள்ள ஒரு பழந்துணி கிடைக்குமா என்று இருசம்மாள் என்னிடம் கேட்டாள்.

நான்தான் கிழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். 'நீங்க தனசேகரன் அம்மாங்களா? அவன் பொட்டியில உங்க போட்டோ பாத்திருக்கேன்' என்றான். உன் அறையில் இருந்த அந்த வேடியப்பன்தான் இவன் என்று அப்போதுதான் தெரிந்தது. அடுத்தபடியாக அவன் என்ன கேட்டான் தெரியுமா? 'அவனுக்குக் காமாலை நல்லாயிடுச்சிங்களா? ராத்திரியில சோறு எறங்குதுங்களா?' என்றான். தனசேகரா, ஐந்து மாதமாக நீ ஒரு கடிதத்தில் கூட அவன் எங்கே போனான் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அவன் கையில் ரத்தத்தோடு நின்றுகொண்டு உன் வயிற்றைப் பற்றி என்னைக் கேட்கிறான்.

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. திருடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தவனுக்குப் பேச்சைப் பார் என்று கோபம்தான் வந்தது. கேட்டும்விட்டேன். அவனுக்கு முதலில் புரியவே இல்லை. 'திருப்பிக் குடுத்தேனா? எங்கிட்ட இருந்தாத்தானே குடுக்க' என்றான். அவன் மணிக்கட்டைப் பார்த்தேன். சோளத்தட்டை போல இருந்தது. பட்டையின் கடைசியில் துளை போட்டுக் கட்டிய கை அது இல்லை. தீபாவளியன்று எனக்கு உறுத்தியது என்ன என்று அந்த வரப்பில் நின்றுதான் ஒத்துக்கொண்டேன்.

பிறகு அவன் வாயைப் பிடுங்கிப் பிடுங்கித்தான் எல்லாம் வந்தது. ஜூனியருக்கு எதற்கு வாட்ச் என்று மூன்றாம் வருடத்துக்காரன் ஒருவன் ஆடி மாதமே உன் கையிலிருந்து கழற்றிக் கட்டிக்கொண்டானாம். வராந்தா முழுக்க அது தெரியுமாம். நீ அழுததைப் பார்த்து இவன் மாடிக்குப் போய் உனக்காகக் கேட்டானாம். அதற்காக இவனை ஒரு வாரம் அவர்கள் அறைக்குத் தண்ணீர் சுமக்க வைத்தார்களாம். இதை நீ எனக்கு எழுதவில்லை. உங்கப்பா வந்து நின்று எங்கே கடிகாரம் என்று கேட்டபோது, மூன்றாம் வருடத்துக்காரன் பெயரைச் சொன்னால் அவன் உன்னை உரித்துவிடுவான் என்று பயந்து, காணோம் என்றாய். உங்கப்பா வேடியப்பனைக் காட்டியபோதும் வாயைத் திறக்கவில்லை. விஷயம் பெரிதானதும் அந்த மூன்றாம் வருடத்துக்காரனே கடிகாரத்தை உன்னிடம் திருப்பித் தந்திருப்பான், அதையும் இவன் கொடுத்துவிட்டுப் போனான் என்று தீபாவளிக்கு வந்து சொன்னாய். அவர்கள் கேட்டதைக் கொடு, சொன்னதைச் செய் என்று எழுதியவள் நான்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்னொருவன் தலையைக் கொடு என்று நான் எழுதவில்லையே.

அப்படியானால் நீ ஏன் விழுந்தாய், வாயைத் திறந்து சொல்வதற்கென்ன என்று அவனைக் கேட்டேன். அவனுக்குப் பதிலாக இருசம்மாள்தான் சொன்னாள், இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி பார்த்துக்கொண்டு. அவர்கள் ஊரில் ஒருவன் மேல் பிராது வந்தால், கூட்டத்தின் முன்னால் அவன் முதலில் விழ வேண்டுமாம். செய்தேன் என்றோ செய்யவில்லை என்றோ அப்போது பேசக்கூடாதாம். பிராது சொன்ன வீட்டுக்காரன் வந்து கையைப் பிடித்து அவனை எழுப்ப வேண்டும். உன்மேல் எனக்குப் பகை இல்லை, வா, நடந்ததைப் பேசுவோம் என்று அதற்கு அர்த்தம். எழுந்த பிறகுதான் விசாரணையே தொடங்கும். எழுப்பாமல் விட்ட கதை அவர்கள் ஊரில் இதுவரை இல்லையாம். எவ்வளவு பெரிய பகையாளியும் வந்து எழுப்பிவிடுவானாம்.

'பெரியவரு எழுப்பலன்னாலும் தனசேகரன் வந்து எழுப்புவான்னு இருந்தேங்க. அவன் வாசல்லதான் நின்னுகினு இருந்தான்' என்றான் வேடியப்பன். அதில் உன்மேல் குறை சொல்லுகிற தொனி கூட இல்லை. படித்த பிள்ளைதானே நீ, வேற்றூரில் அந்த வழக்கம் இருக்காது என்று தெரிய வேண்டாமா என்று அதட்டினேன். யோசித்துப் பார்த்துவிட்டு, அந்த நேரத்துக்கு வேறெதுவும் தோன்றவில்லை என்றான். உடம்பு தானாக விழுந்துவிட்டதாம். அவனுக்கு உடம்பு விழுந்தது. உனக்கு நாக்கு விழுந்தது.

விடுதியிலிருந்து அனுப்பியதும் பத்து நாள் பஸ் நிலையத்தில் படுத்துக்கொண்டு வகுப்புக்குப் போயிருக்கிறான். உதவித்தொகை விடுதியோடு சேர்ந்தது, அதுவும் நின்றுவிட்டது. பதினோராம் நாள் மலைக்குப் போய்விட்டான். ஒரு காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குடிசையில் செருகி வைத்திருந்தான். ஆங்கிலத்தில் இருந்தது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அவனே படித்துத் தமிழில் சொன்னான். சக மாணவனின் கடிகாரத்தைத் திருடியதை ஒப்புக்கொண்டதால் நீக்கப்படுகிறான் என்று, தன்னைப் பற்றி எழுதியிருப்பதைத் தன் வாயாலேயே, நிறுத்தி நிறுத்தி, எனக்குப் புரிகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னான். இந்த மார்ச் மாதம் முடிவதற்குள் வார்டன் அதைத் திருத்தி எழுதினால் ஜூன் மாதம் முதல் வருடத்திலேயே மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம், விடுதியிலும் இடம் உண்டாம். இல்லாவிட்டால் எந்த விடுதியும் இல்லை. விடுதி இல்லாமல் அவனுக்குப் படிப்பு இல்லை. அந்த மலைக் கிராமத்திலிருந்து பள்ளி முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை அவன்தான் என்று மேஸ்திரி சொன்னார்.

இதோடு முடிந்திருந்தால் உன்னை எழுத்தாலேயே கிழித்திருப்பேன், நான் யோக்கியமாக இருந்திருப்பேன். இனிமேல் எழுதப்போவதைத்தான் எழுத முடியாமல் ஐந்து நாளாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

அவன் எல்லாம் சொன்ன மறுநாளுக்கு மறுநாள், மத்தியானம், உங்கப்பா டிராக்டரோடு கொல்லைக்கு வந்தார். அவனைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. ஆள் முழுக்க நிற்க, 'திருட்டு நாயை எவன்டா எங்கொல்லையில எறக்கினது' என்று கத்தினார். வேடியப்பன் கத்தியைக் கீழே வைத்தான். வெட்டின கட்டைக் கரும்பு ஈட்டி ஈட்டியாக நிற்கிற இடம். அதன்மேலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். பதினைந்து பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். சொந்தக்காரர்கள் எழுப்பக்கூடாதாம். பெற்றவள் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மோர்ப்பானையோடு வரப்பில் நின்றேன். எனக்கு எல்லாம் தெரியும். அவன் ஏன் விழுந்தான், எதற்குக் காத்திருக்கிறான், என்ன செய்தால் எழுவான் என்று அந்தக் கொல்லையில் மலைக்காரர்களைத் தவிரத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். இருசம்மாள் என்னைப் பார்த்தாள். நான் பானையைப் பார்த்தேன். உங்கப்பா முன்னால், டிராக்டர்காரன் முன்னால், கூலி ஆள் கையைப் பிடித்துத் தூக்கி, உங்கள் பிள்ளைதான் பொய் சொன்னான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலையை விட்டு விரட்ட வேண்டாம் என்று மேஸ்திரி கெஞ்சின பிறகு உங்கப்பா காறித் துப்பிவிட்டு, வேலை முடிகிற வரை என் கண்ணில் படக்கூடாது என்று சொல்லிப் போனார்.

அவர் மறைந்த பிறகுதான் எனக்குக் கால் வந்தது. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து எழுப்பினேன். மார்பிலும் முழங்காலிலும் கீறி ரத்தம். எழுந்தான். என்னைக் கும்பிட்டான். ஆனால் இருசம்மாள் சொல்லிவிட்டாள், கோபமாகக்கூட இல்லை, ஒரு விவரத்தைச் சொல்லுகிற மாதிரி. 'யாரு முன்னாடி வுழுந்தானோ அவங்க முன்னாடி தூக்கணும்மா. ஆளு போனப்பறம் தூக்கினா அது செல்லாது.'

அப்புறம் அவர்கள் கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினார்கள். கோபித்துக்கொண்டு போவதற்கு வயிறு விடுமா? அவன் மட்டும் குடிசைப் பக்கம் மறைவாக உட்கார்ந்து வெட்டின கரும்பைக் கட்டு கட்டினான். வியாழக்கிழமை கடைசி லோடு ஆலைக்குப் போனது. வெள்ளிக்கிழமை தியாகதுருகம் பக்கம் அடுத்த கொல்லைக்குப் போய்விட்டார்கள். தனிக் குவளையை நான் உடைத்துப் போட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஆக, நீ வாசற்படியில் நின்றாய், நான் வரப்பில் நின்றேன். யாரைப் பார்த்து நீ கற்றுக்கொண்டாய் என்று இனி நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், நிதானமாகப் படி. வார்டனிடம் போ. தனியாகப் போய் ரகசியமாகச் சொல்லாதே. அன்று யார் யார் இருந்தார்களோ அவர்கள் இருக்கும்போது போ. கடிகாரம் திருட்டுப் போகவில்லை, இன்னார்தான் என் கையிலிருந்து பிடுங்கினான், பயந்து பொய் சொன்னேன் என்று சொல்லு, எழுதியும் கொடு. அந்த மூன்றாம் வருடத்துக்காரன் உன்னை என்ன செய்வான்? அடிப்பானா? அடி வாங்கு. விடுதியை விட்டு உன்னையும் நீக்குவார்களா? நீக்கட்டும். உனக்குத் திரும்பி வர நாலு ஏக்கர் இருக்கிறது. அவனுக்கு அந்த ஒரு கட்டில்தான் இருந்தது. மாதம் முடிய இருபத்தாறு நாள் இருக்கிறது. அவன் எந்தக் கொல்லையில் இருக்கிறான் என்று மேஸ்திரியிடம் கேட்டுத் தெரிந்து வைக்கிறேன். காகிதம் திருந்தியதும் நீயே பஸ் ஏறி வந்து, கொல்லையில் ஆள் எல்லாம் இருக்கும்போது, உன் கையால் அவனிடம் கொடுக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை மூடுவதற்கு முன்னால் உங்கப்பாவுக்குப் படித்துக் காட்டப் போகிறேன். நான் செய்ய வேண்டியதில் கொஞ்சமாவது நான் செய்தாக வேண்டும்.

படித்துக் காட்டிவிட்டேன். டிராக்டர்காரனும் கணக்கு கொடுக்க வந்திருந்தான். அவன் போகட்டும் என்று காத்திருக்கவில்லை, அவன் இருக்கும்போதே படித்தேன். உங்கப்பா நடுவில் இரண்டு தரம் நிறுத்து என்றார். நிறுத்தவில்லை. முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். பிறகு, 'ஊரு சிரிச்சிப்பூடும், இத தபால்ல போடாத' என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாளைக் காலை நானே நடந்து போய்ப் போடுவேன்.

தனசேகரா, நீ எதிர்த்து நிற்காத பிள்ளை, அடங்கின பிள்ளை என்று உன்னைச் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அது இப்படி வந்து முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத வெள்ளிக்கிழமை கிடையாது. இப்போதும் அதைத்தான் வேண்டுகிறேன், ஆனால் சாமி எதிரில் நிற்கக் கூச்சமாக இருக்கிறது.

சொல்லிவிட்டு வா, என் கண்ணே. எப்போது வந்தாலும் உனக்குச் சோறு இருக்கும். சொல்லாமல் வந்தாலும் சோறு இருக்கும், பெற்றவள்தானே நான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாற என்னால் ஆகாது.

உன் அம்மா,
பெரியநாயகி